வந்திருப்பார்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்:

ஞானசிகாமணி, ஆங்கில ஆசிரியர்.
செல்லப்பா, பஸ் கண்டக்டராக இருந்து டைம்கீப்பராக ஓய்வு பெற்றவர்.
ஜெனிட்டா, நர்ஸ்.
சண்முகவடிவு, மொழிபெயர்ப்பாளர்.

மைதீன் பிச்சை இன்னும் வரவில்லை.

பட்டியலைப் போட்டவர் ஞானசிகாமணி சார். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய வருகைப் பதிவேட்டை எடுத்து, அதே பெயர்களுக்கு நேராகப் புதிதாக ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ரிட்டயரான செல்லப்பாகூட எழுந்து நின்று "பிரசன்ட் சார்" என்றார். மைதீன் பிச்சையின் பெயருக்கு நேரே சாரின் பேனா நின்றது. எதுவும் போடாமல் பதிவேட்டை மூடி வைத்துவிட்டார்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், முன்பு சைக்கிள் கடையாக இருந்து இப்போது செல்போன் கடையாகிவிட்ட கட்டடத்தின் மாடி அது. திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள். மாலை ஆறு மணிக்குச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். நான்கு பெஞ்சு, ஒரு மர அலமாரி, சுவரில் ஒரு கரும்பலகை, மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்திய, சக்கரம் வைத்த இன்னொரு பலகை. மிச்சச் சாமான்களை ஏற்கெனவே நாசரேத்திலிருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் சார்.

"பஞ்சர் ஒட்டுற பசை வாடை இன்னும் வருது சார்" என்றாள் ஜெனிட்டா.

"கடை போய்ப் பத்து வருஷம் ஆச்சு. உன் மூக்குலதான் ஒட்டியிருக்கு" என்றார் சார்.

வடிவுக்கும் அந்த வாடை வந்தது. அவள் ஜன்னலோரப் பெஞ்சில், பதினெட்டு வருஷத்துக்கு முன் உட்கார்ந்த அதே மூலையில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று கோயம்புத்தூருக்கு மாற்றல் உத்தரவு. நான்கு வருஷமாக வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டது. இந்தத் தடவை, திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்றது, பெட்டி கொடுத்த வாக்கியம். அதை மூன்று பேரிடமும் காட்டிவிட்டாள்.

"பை சிக்ஸ் பி.எம். ஆன் சாட்டர்டே, மைதீன் பிச்சை வில் ஹேவ் கம் டு திஸ் ரூம்."

பெட்டிக்கு அரசாங்கம் வைத்த பெயர் முற்றறி கருவி. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது கொடுக்கும் எல்லா வாக்கியமும் தமிழில் 'இருக்கும்' என்றே முடிவதால் 'இருக்கும் பெட்டி' என்பார்கள். வந்திருக்கும், போயிருக்கும், முடிந்திருக்கும். பெட்டி ஆங்கிலத்தில்தான் பேசும். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓர் ஆள் தமிழில் பெயர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். பெட்டி இருக்கும் திருநெல்வேலி நிலையத்தில் அந்தக் கையெழுத்து வடிவுடையது. ஒன்பது வருஷமாக, ஒரு நாளைக்கு நாற்பது வாக்கியம்.

"தங்கச்சி, நானும் ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் செல்லப்பா. "அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியுது? நாளைக்கு நடக்கப்போறத டிவி மாதிரி பாக்குதா?"

"நடக்கிறத அது பாக்காது அண்ணாச்சி. முடிஞ்சத மட்டும்தான் பாக்கும். நாம ஒரு நேரம் கொடுக்கணும். அது அந்த நேரத்துல போய் நின்னுக்கிட்டு, பின்னால திரும்பிப் பாக்கும். என்னென்ன முடிஞ்சு கிடக்கோ அதைச் சொல்லும்."

"எப்ப முடிஞ்சுது, எப்படி முடிஞ்சுதுன்னு?"

"அது தெரியாது. தரையில தண்ணி கொட்டிக் கிடக்குன்னா, கொட்டிக் கிடக்குன்னு சொல்லும். யார் கொட்டினா, எப்பக் கொட்டினான்னு சொல்லாது."

"இதைத்தானே சார் வாசல்ல நின்னு நடத்துனாக" என்றாள் ஜெனிட்டா.

சார் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக. ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் நடத்தும் நாளில் அவர் சாக்பீஸோடு வாசலுக்குப் போய், நிலைப்படியில் நின்று, அறையைத் திரும்பிப் பார்ப்பார். 'இப்ப நான் நாளைக்கு ஆறு மணியில நிக்கேன். இங்கேருந்து பாத்தா அங்க என்ன முடிஞ்சிருக்கு, சொல்லு' என்பார். கீழே டீக்கடைப் பையன் தட்டோடு வந்து வழி கிடைக்காமல் படியில் நிற்பான். நாளைக்கு ஆறு மணி நகர்ந்தால்தான் டீ உள்ளே வரும்.

"பரிட்சைக்கு மட்டும் வச்சுக்கோங்க, வாழ்க்கைல இந்த டென்ஸ் யாருக்கும் தேவைப்படாதுன்னும் சொன்னீங்க" என்றார் செல்லப்பா.

"சொன்னேன்" என்றார் சார். "அது ஒண்ணுதான் தப்பாச் சொன்னது."

அவர் அப்படிச் சொன்னபோது வடிவு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மாணவனின் அப்பா நிலையத்துக்கு வந்து, பிள்ளையை இந்த மாடியில் சார் நடத்திய இங்கிலீஷ் சென்டரில் சேர்க்கலாமா, மே கடைசியில் சென்டர் இருக்குமா என்று பெட்டியிடம் கேட்டார். பெட்டி சொன்னது: பை தர்ட்டி ஃபர்ஸ்ட் மே, த சென்டர் வில் ஹேவ் க்ளோஸ்டு. வடிவு பெயர்த்தாள்: மே 31க்குள் சென்டர் மூடியிருக்கும். மே மாதம் சென்டருக்கு எப்போதுமே லீவு. மூடித்தான் இருக்கும். பெட்டி அதைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது அப்போதே தோன்றியது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுதக்கூடாது, விளக்கம் சொல்லக்கூடாது என்பது விதி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த அப்பா காகிதத்தைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினார். மூடப்போகிற சென்டரில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? ஜூன் மாதம் இரண்டு பேர் வந்தார்கள். ஜூலையில் அவர்களும் வரவில்லை. பெட்டி சொன்னது பலித்துவிட்டது என்று ஊர் பேசியது.

அதற்குப் பிறகு சார் சென்டரை மூடினாலும் அறையை விடவில்லை. பாஸ்போர்ட் படிவம், ஆங்கில மனு என்று எழுதிக் கொடுத்துக் காலத்தை ஓட்டினார். வடிவு இந்தப் படி ஏறி ஐந்து வருஷம் ஆயிற்று. போன வாரம் போன் செய்து, சனிக்கிழமை வரலாமா என்று கேட்டபோது, "ஆறு மணி வரைக்கும் இருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

"என் பையன் கதை தெரியும்லா?" என்றார் செல்லப்பா. "நல்ல கம்பெனி. இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சு, கம்பெனிக்காரன் பெட்டிகிட்டக் கேட்டிருக்கான். மூணு வருஷத்துக்குள்ள வேலையை விட்டுட்டுப் போயிருப்பான்னு வந்துட்டு. வேண்டாம்னுட்டான். சேரவே விடல. பிறகு அவன் எங்கிட்டுருந்து போவான்?"

"எங்க வார்டுல ஒரு பெரியவர்" என்றாள் ஜெனிட்டா. "மருந்து சாப்பிட மாட்டேங்காரு. ஏன் தாத்தான்னா, தீபாவளிக்குள்ள சுகமாயிருக்கும்னு பெட்டி எழுதிக் கொடுத்துட்டு, பிறவு எதுக்கு மாத்திரைங்காரு."

"சுகமாச்சா?"

"ஆச்சு. ஊசியில ஏத்துனோம். பெட்டிக்குத்தான் பேரு."

செல்லப்பா சத்தமாகச் சிரித்தார். பிறகு மணியைப் பார்த்தார். நாற்பது வருஷம் பஸ்ஸுக்கு நேரம் பார்த்த கண், சும்மா இருக்காது. "நாலு அஞ்சு" என்றார்.

நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு கேள்வி இலவசம். வடிவு ஒன்பது வருஷம் கேட்கவில்லை. இந்தச் சலுகை அடுத்த மாதத்தோடு முடிகிறது என்று சுற்றறிக்கை வந்த அன்று கேட்டாள். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்பதும் அதே வாரம்தான் தெரிந்தது. சாவி கைமாறும் சனிக்கிழமை ஆறு மணிக்குள் அவன் இந்த அறைக்கு வந்திருப்பானா? அவ்வளவுதான் கேள்வி.

மைதீன் பிச்சை மேலப்பாளையத்துக்காரன். சவூதியில் வேலைக்குப் போக ஆங்கிலம் வேண்டும் என்று வந்தான். எல்லா டென்ஸிலும் தப்பு விடுவான். தப்பு விட்டுவிட்டு அவனே முதலில் சிரிப்பான். வடிவின் நோட்டைப் பார்த்து எழுதுவான். அவள் வேண்டுமென்றே தப்பாக எழுதி வைத்தால் அதையும் அப்படியே எழுதி சாரிடம் திட்டு வாங்குவான். மூன்று மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் வகுப்புக்கு வெளியே பேசிய பேச்சு மொத்தம் ஒரு மணி நேரம் இருக்காது. இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பேசி என்ன ஆகப் போகிறது?

கடைசி வகுப்பில் சார் எல்லோரையும் பலகையில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். செல்லப்பா, பஸ் கிளம்பிப் போயிருக்கும் என்று எழுதினார். ஜெனிட்டா பரிட்சை எழுதியிருப்பேன் என்று எழுதினாள். மைதீன் எழுதியது: பை த டைம் யூ கெட் மேரீட், ஐ வில் ஹேவ் கம் பேக். உனக்குக் கல்யாணம் ஆவதற்குள் நான் திரும்பி வந்திருப்பேன்.

யாரைப் பார்த்து எழுதினான் என்று யாரும் கேட்கவில்லை. சார் வாக்கியத்தை இரண்டு தரம் வாசித்து, "கரெக்ட்" என்றார். மூன்று மாதத்தில் மைதீன் வாங்கிய ஒரே கரெக்ட் அது.

சவூதியிலிருந்து இரண்டு வருஷம் எப்போதாவது போன் வந்தது. பிறகு நம்பர் மாறியது. பிறகு ஒன்றும் இல்லை. அவன் குடும்பமும் கேரளாப் பக்கம் போய்விட்டது என்றார்கள். வடிவுக்கு வரன் வந்தது, வேண்டாம் என்றாள். மறுபடி வந்தது, வேண்டாம் என்றாள். அண்ணன் காரணம் கேட்டு அலுத்துப்போனான். காரணம் வெளியே சொல்லும்படி இல்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளாத வரை அந்த வாக்கியம் பொய்யாகாது. இலக்கணப்படி அவனுக்கு இன்னும் நேரம் இருந்தது. இப்படி ஒரு கணக்கில் நாற்பது வயது வந்துவிட்டது.

ஐந்து மணிக்குக் கீழே இருந்து டீ வந்தது. டீக்கடையும் கை மாறிவிட்டது. காகிதக் கப். ஜெனிட்டா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏட்டி, வந்தா என்ன செய்வ?" என்றாள்.

"தெரியாது."

"கல்யாணம் ஆகி நாலு பிள்ளையோட வந்து நின்னாம்னா?"

"நல்லா இருன்னு சொல்லிட்டுக் கோயம்புத்தூர் போவேன். ஆள் இருக்கானா இல்லையான்னு தெரியாம எப்படிப் போறது?"

"வரலன்னா?"

"பெட்டி சொல்லியிருக்கு" என்றாள் வடிவு. எத்தனையோ பேர் தன் மேஜைக்கு முன்னால் நின்று இதையே சொல்லிக் கேட்டிருக்கிறாள். சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சார் டீயைக் குடிக்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலைப் பார்த்தார். வடிவைவிட அவர்தான் அதிகம் பார்த்தார். படியில் காலடிச் சத்தம் கேட்டால் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். ஒரு தரம் அது செல்போன் கடைப் பையன். ஒரு தரம் மாடி தவறி வந்த ஒரு அம்மா.

ஐந்து ஐம்பது. செல்லப்பா நிமிஷம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்து ஐந்துக்குப் பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

ஆறு அடித்தது. பக்கத்துக் கோயில் மணி. அது எப்போதுமே ஒரு நிமிஷம் முந்தி அடிக்கும் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு நிமிஷத்தையும் செல்லப்பா பார்த்தார். யாரும் வரவில்லை.

"பெட்டி தப்பு விட்டுட்டு" என்றார். அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. "அப்ப என் பையன் விஷயமும் தப்பா இருக்கலாம்லா?"

"பெட்டி தப்பு விடாது அண்ணாச்சி" என்றாள் வடிவு. காகிதத்தை எடுத்து மறுபடி வாசித்தாள். நாள் சரி. நேரம் சரி. அறையும் இதுதான்.

"வடிவு" என்றார் சார். "அதைத் தமிழ்ல சொல்லு."

"என்ன சார்?"

"நிலையத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுப்பியே. அது மாதிரி சொல்லு."

"சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் மைதீன் பிச்சை இந்த அறைக்கு வந்திருப்பார்."

"தேதிய விட்டுட்டுச் சொல்லு."

"மைதீன் பிச்சை வந்திருப்பார்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது. செருப்பு வாசலில் கிடந்தால் சொல்வோமே, அவர் வந்திருப்பார் என்று, அந்த 'வந்திருப்பார்'. ஏற்கெனவே. ஆறு மணியில் நின்று திரும்பிப் பார்த்தால் வந்தது தெரிகிறது. எப்போது வந்தான் என்று பெட்டி சொல்லவில்லை. சொல்லாது என்று மூன்று மணி நேரத்துக்கு முன் அவளேதான் செல்லப்பாவுக்கு விளக்கினாள். ஒரு நாளைக்கு நாற்பது வாக்கியம் பெயர்க்கிறவளுக்குத் தன்னுடைய வாக்கியம் மட்டும் புரியாமல் போயிற்று.

"எப்ப சார் வந்தான்?"

"நாலு வருஷம் ஆகுது" என்றார் சார். "ஆகஸ்ட் மாசம். மத்தியானம்."

ஜெனிட்டா எழுந்து வடிவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தனியாத்தான் வந்தான். தாடியெல்லாம் நரைச்சுப் போச்சு. அங்க ஏதோ கேஸ்ல மாட்டிப் பல வருஷம் ஊர் திரும்ப முடியலன்னான். சொந்தக்காரங்க கிட்டகூடப் போகல. பஸ்ஸ விட்டு இறங்கி நேரா இங்க வந்தான். அந்தப் பெஞ்சுல உக்காந்தான். வடிவு எப்படி இருக்கா சார்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆகியிருக்கும்னு சொன்னேன்."

கீழே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

"எனக்குத் தெரியாது வடிவு. சென்டர் மூடுனதுக்கு மறு வருஷம் அது. உன் பேரைக் கேட்டாலே எரிச்சலா வரும். உன்னப் பத்தி விசாரிக்கவும் இல்ல. வயசு ஆயிட்டு, ஆகியிருக்கும்னு ஒரு நினைப்பு. அதைச் சொன்னேன். அவன் ஆயிட்டுன்னு எடுத்துக்கிட்டான்."

"நீங்க திருத்தலயா?"

"இல்ல" என்றார் சார். "இருபத்து ரெண்டு வருஷம் எல்லாத்தையும் திருத்தினேன். அதைத் திருத்தல."

"வேணும்னுதானா?" என்று கேட்டவர் செல்லப்பா.

"அதை நாலு வருஷமா நானே கேட்டுக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. தெரியல. அவன் முகத்தைப் பாத்தேன். என்ன நினைச்சுட்டான்னு அப்பவே புரிஞ்சுது. அது ஊகம்தாண்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரல. 'அப்ப என் வாக்கியம் தப்பாப் போச்சு சார்'னு சிரிச்சான். பழைய மாதிரியே."

"இன்னிக்கு மூணு மணி நேரம் பேசாம உக்காந்திருந்தீங்களே" என்றாள் ஜெனிட்டா.

"மறுபடி வரப்போறான்னு நினைச்சேன்ம்மா. பெட்டி சொல்லியிருக்குன்னதும் நானும் நம்பிட்டேன். வந்துட்டாம்னா நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காதுல்லா."

அவர் எழுந்து மூலைக்குப் போனார். சக்கரப் பலகையைப் பிடித்து இழுத்தார். ஒரு சக்கரம் சுற்றவில்லை. செல்லப்பா போய் ஒரு கை கொடுத்தார். பலகை திரும்பியது.

வெள்ளைச் சாக்பீஸில், கோணலான பெரிய எழுத்தில் ஒரே வரி. ஐ ஹேவ் கம்.

"போகுமுன்னால எழுதினான். 'பேக்' விட்டுட்டியேடான்னேன். பாரு, அதைத் திருத்த மட்டும் வாய் வந்துது. 'பேக் இல்ல சார். வந்தேன், அவ்வளவுதான்'னான். அழிக்க மனசு வரல. பாத்துக்கிட்டு இருக்கவும் முடியல. திருப்பி வச்சுட்டேன்."

"எங்க போனான்?"

"கேக்கல."

வடிவு பலகைக்குக் கிட்டே போய் நின்றாள். அவன் 'எம்' எழுதும்போது கடைசிக் காலைக் கொஞ்சம் நீளமாக இழுப்பான். இதிலும் இழுத்திருந்தான். பதினெட்டு வருஷத்துக்கு முன் அந்த இழுப்பைப் பார்த்து அவள் கேலி செய்திருக்கிறாள். எம்முக்கு வால் இருக்கா என்று கேட்டிருக்கிறாள். ஏட்டி எம்மு குரங்கு வர்க்கம்லா என்று அவன் சொல்லியிருக்கிறான். நாலு வருஷத்துத் தூசி எழுத்தின் மேல் படிந்திருந்தது. சாக்பீஸ் எது தூசி எது என்று தெரியவில்லை.

அழவில்லை. கோபம் வருமா என்று பார்த்தாள். வந்தது, ஆனால் அது சார் மேல் நிற்கவில்லை. மே 31 என்று ஒரு காகிதம் நடுவில் வந்து நின்றது. அதில் அவள் கையெழுத்து இருந்தது. சார் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம்.

"ஒரு வருஷக் கேள்வி போயிட்டு" என்றாள் ஜெனிட்டா மெதுவாக. "வேற யாரையாவது விட்டு, எங்க இருக்கான்னு பெட்டிகிட்டக் கேட்டா என்ன?"

"இருக்கான்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. போயிருப்பான்னுதான் சொல்லும்."

படியில் ஆள் ஏறும் சத்தம். நான்கு பேரும் திரும்பினார்கள். கட்டடக்காரர். சட்டைப் பையில் செல்போன், கையில் ஒரு டார்ச்.

"சார், ஆறேகால் ஆச்சு" என்றார். "ஒண்ணும் அவசரமில்ல. சாவி மட்டும்."

"வாரோம்" என்றார் சார். பலகையைப் பார்த்து, வடிவைப் பார்த்து, "அழிச்சிரட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு சார்? திங்கக்கிழமை அவங்களே இடிச்சிருவாங்க."

செல்லப்பா முதலில் இறங்கினார். முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு. பின்னால் ஜெனிட்டா. கட்டடக்காரர் பேன், லைட் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே போனார். சார் வாசலில் சாவியோடு நின்றார்.

வடிவு கடைசியாக வந்தாள். பெஞ்சில் கிடந்த பதிவேட்டைத் திறந்தாள். பழைய மையில் மைதீன் பிச்சை, அதற்கு நேரே காலியான கட்டம். பேனாவை எடுத்து ஒரு டிக் போட்டாள். பதிவேட்டைச் சாரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்?" என்று கேட்டார்.

"பத்து மணிக்கு. நாளைக்குச் சாயங்காலம் பஸ்."

"அப்ப பத்து மணிக்குப் போயிருப்ப."

"போவேன் சார்" என்றாள் வடிவு. "சும்மா, போவேன்."

நிலைப்படியைத் தாண்டினாள். முன்பு சார் நிற்கும் இடம். நாளைக்கு ஆறு மணி. திரும்பிப் பார்க்கலாம் என்று கழுத்துவரைக்கும் வந்தது. படியைப் பார்த்து இறங்கினாள். மூன்றாவது படியில் இருக்கும்போது கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள். பிறகு பூட்டு விழுந்தது. எப்போதும்போல சார் அதை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார்.